பேரீச்சங்கொட்டையைக் கால்நடைத் தீவனமாக்குவது எப்படி?

விடிகாலையில் ஆட்டுக் கொட்டிலுக்குள் நுழைந்தால் மூலையில் ஒரு சின்னக் குவியல் கிடக்கும். நக்கித் துடைத்தது போல வழவழவென்று பேரீச்சங்கொட்டைகள். முதல் நாள் மாலை பழத்தோடு விழுங்கியவற்றை ராத்திரி படுத்து அசைபோடும்போது ஆடுகள் ஒவ்வொன்றாகத் துப்பியிருக்கும். ஓமானின் பாத்தினா கடற்கரைச் சமவெளியில் ஒரு மஸ்ராவில், அதாவது பண்ணையில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தக் குவியலைத் தினமும் பெருக்கிக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மஸ்ராவின் ஓமானிப் பெரியவர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். "நவாவையா கொட்டுகிறாய்?" என்று கேட்டு, இரண்டு கையாலும் அள்ளித் தன் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நவா என்றால் அரபியில் பேரீச்சங்கொட்டை. சவூதிப் பக்கம் அபஸ் என்றும் சொல்வார்கள். அந்தப் பெரியவர் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. பாபிலோனியாவில் கொல்லர்கள் இந்தக் கொட்டையைக் கரிக்குப் பதிலாக எரித்ததையும், கொழுக்க வைக்கும் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டதையும் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர் எழுதி வைத்திருக்கிறார். நபிகளின் தோழர் ஸுபைரின் மனைவி அஸ்மா, கணவரின் நிலத்திலிருந்து கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்ததும், தண்ணீர் இறைக்கும் ஒட்டகத்துக்காக அவற்றை இடித்ததும் ஹதீஸ்களில் வருகின்றன. ஒரு இடத்தில் ஊறவைக்கிறார்கள், இன்னொரு இடத்தில் இடிக்கிறார்கள். எங்கேயும் யாரும் அப்படியே முழுசாகக் கொட்டவில்லை. கீழே வரும் வேலைகளில் பாதி இந்த ஊறவைப்பதும் உடைப்பதும்தான்.

இது பார்லிக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பார்லியில் ஒரு பங்கைக் குறைக்கலாம். அந்தப் பங்கு எவ்வளவு, அதைக் குறைக்கும்போது வேறு எதைக் கூட்ட வேண்டும் என்று தெரிந்து செய்தால் லாபம். தெரியாமல் செய்தால் ஆடு இளைக்கும்.

கொட்டைக்குள் என்ன இருக்கிறது

பழத்தின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொட்டை. சதைப்பற்றான ரகத்தில் இன்னும் குறைவு, ஒல்லியான மட்ட ரகத்தில் கூடுதல். ஒரு கொட்டை சுமார் 1 கிராம் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போட எளிது.

காய்ந்த கொட்டையில் புரதம் 5 முதல் 7 சதவீதம்தான். எண்ணெய் 7 முதல் 10 சதவீதம். சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் பேருக்குத்தான் உண்டு. மிச்சமெல்லாம் நார். அதுவும் வைக்கோல் மாதிரி நார் கிடையாது, ஸ்டார்ச்சும் கிடையாது. மன்னான் என்ற கெட்டிப்பட்ட சர்க்கரைத் தொடர் அது. நம்மூர் நுங்கை நினைத்துப் பாருங்கள். இளசாக இருக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும். அதையே மரத்தில் முற்றவிட்டால் பனங்கொட்டைக்குள் கல்லாகிவிடும். பேரீச்சங்கொட்டைக்குள் இருப்பதும் அதே வகைக் கல். தேங்காய்ப் பிண்ணாக்கிலும் மன்னான் உண்டு. கோழிக்குத் தேங்காய்ப் பிண்ணாக்கை அதிகம் போடாதே என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கோழியின் குடலில் மன்னானை உடைக்கும் நொதி இல்லை. ஆடு, மாடு, ஒட்டகத்துக்கும் சொந்தமாக இல்லைதான், ஆனால் அவற்றின் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடம் இருக்கிறது. அவை மெதுவாக, மணிக்கணக்கில் அரித்துத் தின்னும். நுண்ணுயிர் தின்றால்தான் ஆட்டுக்குச் சக்தி. அதனால் நுண்ணுயிர் நுழைய வழி வேண்டும். முழுக் கொட்டையில் வழியே இல்லை. விழுங்கிய கொட்டை துப்பலாக வரும், இல்லையென்றால் புழுக்கையோடு வெளியே போய் எருக்குழியில் முளைத்து நிற்கும். எங்கள் எருக்குழி ஓரத்தில் அப்படி முளைத்த கன்றுகளை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு மழைக்குப் பிறகு நாற்பதுக்கு மேல்.

யாருக்குப் போடலாம்

வளர்ந்த வெள்ளாடு, செம்மறி, மாடு, ஒட்டகம் எல்லாவற்றுக்கும் போடலாம். ஒட்டகம் இதில் கெட்டிக்காரி. கொரகொரப்பாக உடைத்துப் போட்டாலே சமாளித்துக்கொள்ளும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கு வேண்டாம். அவற்றின் முதல் இரைப்பை இன்னும் முழுசாக வேலைக்கு வந்திருக்காது. கோழிக்குஞ்சுக்கு வேண்டவே வேண்டாம். வளர்ந்த நாட்டுக்கோழி என்றால் மாவாக அரைத்துத் தீவனத்தில் 5 சதவீதம் வரை கலக்கலாம், அவ்வளவுதான். நாய் இருக்கும் வீட்டில் கொட்டைச் சாக்கைக் கட்டி வையுங்கள். விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

நிறைசினையாக இருப்பதும், குட்டி போட்டு முதல் மாதப் பால் கொடுப்பதும் கொஞ்சத்தில் நிறைய சத்தைக் கேட்கும் நேரம். அந்த ஆடுகளுக்கு இது வயிற்றை நிரப்பிவிட்டுச் சத்தைக் குறைவாகக் கொடுக்கும். கிடாக்களும் வறண்ட (பால் வற்றிய) பெட்டைகளும்தான் இதற்குப் பொருத்தம்.

படி 1: சேகரிப்பது

20 ஆட்டுக்கு மாதம் 50 கிலோவுக்கு மேல் கொட்டை வேண்டும். அதாவது 500 கிலோ பழம் சாப்பிட்ட மிச்சம். ஒரு நல்ல மரம் ஆண்டுக்கு 50 முதல் 70 கிலோ பழம் காய்க்கும் என்றால், ஒரு மரத்துக் கொட்டை 5 முதல் 7 கிலோதான் தேறும். வீட்டுக் கொட்டையை நம்பி இறங்க முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

கொட்டை மொத்தமாகக் கிடைக்கும் இடங்கள் மூன்று. பழத்தைக் கொட்டை நீக்கி அடைக்கும் ஆலைகள் முதலில். இங்கே கிடைப்பது ஓரளவு சுத்தமாக இருக்கும். அடுத்து, பேரீச்சம்பாகு காய்ச்சும் ஆலைகள். இங்கே கொட்டை சக்கையோடு கலந்து ஈரமாக வரும். மூன்றாவது, ரமலான் மாதத்துப் பள்ளிவாசல்கள். நோன்பு திறக்கும் பந்தலில் தினமும் நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து எழுந்தால், விரிப்பைச் சுருட்டும்போது வாளி வாளியாகக் கொட்டை கிடைக்கும். பந்தலில் பரிமாறும் பையன்களிடம் ஒரு காலி வாளியைக் கொடுத்து, "கொட்டையை மட்டும் இதில்" என்று சொல்லி வைத்தால் போதும். சொல்லாவிட்டால் பிளாஸ்டிக் கரண்டி, தயிர் டப்பா மூடி, எலும்பு எல்லாம் சேர்ந்து வரும். பிரிப்பதற்குள் பொழுது போய்விடும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தர்மபுரிப் பக்கம் பேரீச்சைத் தோட்டங்கள் வந்திருந்தாலும் பழம் பெரும்பாலும் அப்படியே விற்றுப்போகிறது. கொட்டை வீடு வீடாகச் சிதறிவிடும். கொட்டை நீக்கும் ஆலை பக்கத்தில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

எதை வாங்கக் கூடாது என்பது முக்கியம். பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் பிடித்தது, புளித்த நாற்றம் அடிப்பது, எண்ணெய்க் கறையோ டீசல் வாடையோ உள்ளது, பூச்சி மருந்துக் கிடங்கில் கிடந்தது எல்லாம் வேண்டாம். "மேலே மட்டும்தான் பூஞ்சணம், கழுவினால் போய்விடும்" என்பார்கள். பூஞ்சணம் போகும், அது விட்டுப்போன நஞ்சு போகாது. ஒருமுறை ஒரு கிடங்கிலிருந்து பாதி விலைக்கு வந்தது என்று எட்டு சாக்கு இறக்கினேன். நடுவில் இருந்த மூன்று சாக்கு உள்ளே சூடாக இருந்தது. கையை விட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூன்றையும் எருக்குழிக்கு அனுப்பினேன். இப்போதெல்லாம் சாக்கின் வாயைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, முழங்கை வரை உள்ளே விட்டுத்தான் வாங்குகிறேன்.

படி 2: கழுவிக் காயவைப்பது

கொட்டையின் நடுப்பள்ளத்தில் பழச்சதை ஒட்டியிருக்கும். அந்தச் சர்க்கரைக்குத்தான் எறும்பும் வண்டும் பூஞ்சணமும் வரும். பெரிய தொட்டியில் தண்ணீர் விட்டு, கொட்டையைக் கொட்டி, வெறுங்காலால் மிதியுங்கள். இரண்டு தண்ணீர் மாற்றினால் போதும். மிதக்கும் குப்பையை அள்ளி எறியுங்கள். முதல் தண்ணீர் இனிப்பாக இருக்கும், ஆடுகள் ஆவலாகக் குடிக்கும். சுத்தமான பழத்தின் கொட்டை என்றால் குடிக்கக் கொடுப்பேன், பந்தல் கொட்டை என்றால் கொடுப்பதில்லை.

அப்புறம் சிமெண்ட் தரையிலோ தார்ப்பாயிலோ ஒரு கொட்டை உயரத்துக்கு மட்டும் பரப்பி, நாளுக்கு இரண்டு முறை கிளறுங்கள். மலைக்கு உள்பக்கம் உள்ள ஊர்களில் கோடையில் இரண்டு, மூன்று நாளில் காய்ந்துவிடும். பாத்தினா மாதிரிக் கடற்கரையில்தான் சிக்கல். வெயில் 40 டிகிரிக்கு மேல் அடித்தாலும் ராத்திரி காற்றில் ஈரம் சொட்டும். பகலில் காய்ந்தது ராத்திரியில் திரும்ப ஈரம் குடித்துவிடும். மாலையில் குவித்து மூடிவிட்டு, காலையில் வெயில் ஏறிய பிறகு மறுபடி பரப்ப வேண்டும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு கொட்டையைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். சில்லுச் சில்லாகத் தெறித்தால் காய்ந்தது. நசுங்கிப் பிளந்து ஒட்டிக்கொண்டு நின்றால் இன்னும் ஒரு நாள்.

படி 3: உடைப்பது

பலர் தோற்றுப்போவது இந்தப் படியில்தான். வீட்டு மிக்ஸியில் போட்டுப் பிளேடை உடைத்தவர்களை எனக்குத் தெரியும். மாவு மில்லின் கல்லிலும் போடாதீர்கள். கொட்டையில் இருக்கும் எண்ணெய் கல்லை மெழுகிவிடும், மில்காரர் உங்களை மறுபடி வாசலில் ஏற்ற மாட்டார்.

இதற்கு உரிய இயந்திரம் ஹேமர் மில். சுழலும் இரும்புத் தகடுகள் அடித்து நொறுக்கி, அடியில் உள்ள சல்லடை வழியாகத் தள்ளும். எங்கள் மஸ்ராவில் இருந்தது ஏழரைக் குதிரைத்திறன் மோட்டார். முதல் நாள் ஆர்வத்தில் மூன்று மில்லிமீட்டர் சல்லடையை மாட்டி, முழுக் கொட்டையை வாளியோடு கவிழ்த்தேன். பத்து நிமிஷத்தில் மோட்டார் முனகி நின்றது. திறந்து பார்த்தால் சல்லடை ஒரு பக்கம் வயிறு தள்ளி வளைந்திருந்தது. அர்பாப் (முதலாளி) ஒன்றும் சொல்லவில்லை. புதுச் சல்லடைக்கான பணத்தை மட்டும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் கற்றுக்கொண்டது இது. இரண்டு தடவையாக அரைக்க வேண்டும். முதலில் எட்டு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் பெரிய கண்ணுள்ள சல்லடை போட்டு உடைத்தெடுங்கள். கொட்டை நாலைந்து துண்டாக வரும். அடுத்த தடவை மூன்று மில்லிமீட்டர் சல்லடை. இந்த இரண்டாவது ஓட்டத்தில் நாலு பங்கு கொட்டைக்கு ஒரு பங்கு பார்லியையும் சேர்த்து விட்டால் சல்லடைக் கண் அடைக்காமல் இருக்கும். எப்படியும் பார்லியைக் கலக்கத்தான் போகிறோம், அங்கேயே கலந்துவிடலாம். சேர்த்த பார்லியின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசிக் கணக்கில் அதைக் கழிக்க வேண்டும். கொட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக, மோட்டாரின் சத்தம் இறங்காத வேகத்தில் விடுங்கள். விடும் வாயில் ஒரு காந்தத்தைக் கட்டி வைப்பது நல்லது. ஆணியும் கம்பித் துண்டும் எங்கிருந்து வருகின்றன என்றே தெரியாது, ஆனால் வரும். கண்ணாடியும் முகத்துணியும் இல்லாமல் பக்கத்தில் நிற்காதீர்கள். தெறிக்கும் சில்லு கண்ணில் பட்டால் ஆபத்து.

எவ்வளவு நைசாக? ஆட்டுக்கு ரவை மாதிரி, மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் குருணை மாதிரி, கோழிக்கு மாவு. ஆட்டுக்கும் மாவாக அரைத்தால் என்ன என்று கேட்கலாம். மாவு இரைப்பையில் தங்காமல் சீக்கிரம் கடந்துபோய்விடும், மெதுவாக அரிக்கும் நுண்ணுயிருக்கு நேரம் கிடைக்காது. தூசியாகப் பறந்து ஆடு தும்மவும் தும்மும். ரவையை ஈரத் தவிட்டில் பிசிறினால் இந்தத் தொல்லை இல்லை.

மில் இல்லாதவர்கள் செய்வது

பத்து ஆட்டுக்குக் குறைவாக இருந்தால் மில் தேவையில்லை. கழுவிய கொட்டையை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, காலையும் மாலையும் தண்ணீரை மாற்றுங்கள். முதல் இரண்டு தண்ணீரும் தேநீர் நிறத்தில் இறங்கும், அதில் துவர்ப்பு கொஞ்சம் போகிறது. இந்தத் துவர்ப்புப் பொருள்கள் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆட்டுக்குச் சேரவிடாமல் செய்பவை. இரண்டாம் நாள் முடிவில் கொட்டையின் மேல்பக்கம் கொஞ்சம் இளகியிருக்கும், உள்ளே இன்னும் கெட்டிதான். உரலில் போட்டு இரும்புப் பூண் வைத்த உலக்கையால் இடித்தால், காய்ந்த கொட்டை மாதிரித் தெறிக்காமல் நசுங்கும். ஒரு கிலோ இடிக்கக் கால் மணி நேரம் ஆகும். ஆரம்பத்தில் கை கொப்பளிக்கும்.

இடித்ததை அன்றைக்கே போட்டுவிட வேண்டும். வளைகுடா வெயிலில் ஊறிய கொட்டை மறுநாளே புளித்து நுரைக்கும். வேகவைப்பதும் உண்டு. கரையோரக் கிராமங்களில் பசுவுக்குக் கொட்டையையும் காய்ந்த மத்தி மீனையும் ஒரே அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுப்பது பழைய வழக்கம். கொட்டையில் இல்லாத புரதத்தை மீன் கொடுக்கிறது. தீவன அட்டவணை எதையும் பார்க்காமல் அந்தப் பாட்டிமார் போட்ட கணக்கு சரியான கணக்கு. பால் மட்டும் லேசாக மீன் வாடை அடிக்கும்.

படி 4: கலப்பது

வெறும் கொட்டைத் தூளை மட்டும் வைத்தால் நுண்ணுயிருக்குப் புரதம் பற்றாது. புரதம் பற்றாவிட்டால் நுண்ணுயிர் பெருகாது. அது பெருகாவிட்டால் கொட்டையும் செரிக்காது. ஆடு வயிறு புடைக்கத் தின்னும், எடை ஏறாது. முதல் ஆண்டு நான் செய்த தப்பு இதுதான். பார்லியில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொட்டையைப் போட்டேன், வேறு எதையும் மாற்றவில்லை. இரண்டு மாதத்தில் கிடாக்களின் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது.

அடர்தீவனத்தில், அதாவது புல்லோடு கூடக் கொடுக்கும் தானிய, பிண்ணாக்குக் கலவையில், 20 சதவீதம் என்பதை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். கறிக்கு வளர்க்கும் கிடாவுக்கும் வறண்ட பெட்டைக்கும் நான் 100 கிலோவுக்குப் போடும் கலவை இது:

கொட்டைத் தூள் 20 கிலோ
உடைத்த பார்லி 35 கிலோ
கோதுமைத் தவிடு 27 கிலோ
சோயாப் பிண்ணாக்கு 14 கிலோ
தாது உப்புக் கலவை 2 கிலோ
சுண்ணாம்புக்கல் தூள் ஒன்றரைக் கிலோ
சாப்பாட்டு உப்பு அரைக் கிலோ

புரதக் கணக்கு எப்படி என்றால், கொட்டையில் 6 சதவீதம், அதனால் 20 கிலோவுக்கு 1.2 கிலோ. பார்லியில் 11, அது 3.85. தவிட்டில் 15.5, அது ஏறக்குறைய 4.2. சோயாவில் 44, அது 6.16. கூட்டினால் 15.4 கிலோ, அதாவது 15.4 சதவீதம். வளரும் கிடாவுக்கு இது போதுமான அளவு. சோயா விலை ஏறினால் வேறு பிண்ணாக்கைப் போடலாம், ஆனால் இதே மாதிரி ஒவ்வொன்றாகப் பெருக்கிக் கூட்டி, மொத்தம் 15க்குக் கீழே போகாமல் பாருங்கள். சாக்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் புரத அளவு அச்சிட்டிருக்கும், அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

சுண்ணாம்புக்கல் தூளை வீண் செலவு என்று விட்டுவிடாதீர்கள். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. கொட்டை இரண்டையுமே தராது. இந்தக் கணக்கு தலைகீழானால் கிடாக்களுக்குச் சிறுநீர்க் குழாயில் கல் அடைக்கும். முதுகை வளைத்து நின்று, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் பெய்யும் கிடாவைப் பார்த்தவர்கள் அந்தத் தூளை மறக்க மாட்டார்கள். கத் எனப்படும் குதிரைமசால் தாராளமாகப் போடும் இடத்தில் அதிலேயே சுண்ணாம்புச் சத்து நிறைய வரும். ரோட்ஸ் புல் மட்டும் போடுகிறீர்கள் என்றால் சுண்ணாம்புக்கல் தூளை 2 கிலோவாக்கி, பார்லியில் அரைக் கிலோவைக் குறையுங்கள்.

கலக்கும் வரிசை: உப்பு, தாது உப்பு, சுண்ணாம்புத் தூள் மூன்றையும் முதலில் ஐந்து கிலோ தவிட்டோடு கலந்துகொண்டு, அதை மிச்சத்தின் மேல் தூவி மண்வெட்டியால் மூன்று தடவை இடம் மாற்றிப் புரட்டுங்கள். நேராகக் கொட்டினால் ஒரு ஆட்டுக்கு உப்பு முழுவதும், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்.

30 கிலோ எடையுள்ள ஆடு நாளுக்கு ஒரு கிலோ அளவுக்கு உலர்ந்த தீவனம் எடுக்கும். அதில் 450 கிராம் இந்தக் கலவை, மீதி புல்லும் கத்தும். அப்படியென்றால் ஒரு ஆட்டின் வயிற்றுக்குள் போகும் கொட்டை 90 கிராம். கறவை மாட்டுக்கு 4 கிலோ அடர்தீவனம் கொடுத்தால் கொட்டை 600 கிராமுக்கு மேல் வேண்டாம். பால் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள்.

படி 5: பழக்குவது

மூன்று வாரம். முதல் வாரம் கலவையில் 5 சதவீதம், இரண்டாவது வாரம் 10, மூன்றாவது வாரம் 15, அப்புறம்தான் 20. ஸ்டார்ச் இல்லாததால் பார்லியை அள்ளிப் போட்டால் வருவது போல வயிறு புளிக்கும் ஆபத்து இதில் குறைவு. ஆனாலும் இரைப்பை நுண்ணுயிர்க் கூட்டம் புதுத் தீவனத்துக்கு ஏற்ப மாற நாள் பிடிக்கும். அவசரப்பட்டால் முதலில் தெரிவது, தொட்டியில் தீவனம் மிஞ்சுவது.

ஆடு ருசி பார்த்துப் பிரித்துத் தின்னும் பிராணி. நாக்கால் பார்லியைப் பொறுக்கிவிட்டுக் கொட்டை ரவையை அடியில் விட்டுவிடும். இதற்கு ஒரே மருந்து, பாகு ஆலையில் கிடைக்கும் மட்டப் பாகையோ வெல்லப் பாகையோ தண்ணீரில் கரைத்துத் தெளித்துப் பிசிறுவது. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பொறுக்க முடியாது. நார் அதிகமுள்ள தீவனம் என்பதால் தண்ணீர்த் தொட்டி எந்நேரமும் நிரம்பியிருக்க வேண்டும். கோடையில் தொட்டி நிழலில் இல்லாவிட்டால் தண்ணீர் சுட்டுவிடும், ஆடு வாய் வைக்காது.

படி 6: புழுக்கையைப் பார்ப்பது

எடை ஏறுகிறதா என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். புழுக்கை சில நாளிலேயே சொல்லிவிடும். காலையில் ஒரு கைப்பிடி புழுக்கையை எடுத்து ஒரு டீ வடிகட்டியில் போட்டு, குழாய்த் தண்ணீரில் கரையுங்கள். வடிகட்டியில் மிஞ்சுவதைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில், விளிம்பு கூர்மையாக உள்ள கொட்டைத் துணுக்குகள் நிறைய நின்றால் அரைத்தது போதவில்லை, அல்லது புரதம் போதவில்லை. விளிம்பு மழுங்கி, நகத்தால் அழுத்தினால் நசுங்கும் துணுக்குகள் என்றால் நுண்ணுயிர் தன் வேலையைச் செய்திருக்கிறது. புழுக்கை உருண்டையாக இல்லாமல் களியாகப் போனால் இரண்டு நாள் கொட்டையை நிறுத்திவிட்டுக் காய்ந்த புல்லை மட்டும் போடுங்கள்.

மதியம் ஆடுகள் நிழலில் படுத்திருக்கும் நேரத்தில் எண்ணுங்கள். பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருந்தால் எல்லாம் சரி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அதே ஐந்து ஆடுகளை, அதே நேரத்தில், தண்ணீர் குடிப்பதற்கு முன் எடை போட்டு எழுதி வையுங்கள். எழுதாமல் "பார்த்தால் தேறியிருக்கிறது" என்று சொல்வதை அர்பாபும் நம்ப மாட்டார்.

சேமிப்பு

முழுக் கொட்டையாகக் காயவைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அரைத்துவிட்டால் எண்ணெய் வெளியே வந்து காற்றுப் பட்டுக் காறிப்போகும். கோடையில் இரண்டு வாரத்துக்கு மேல் தூளை வைப்பதில்லை. அதனால் அரைப்பது அவ்வப்போது, காயவைப்பது மொத்தமாக. சாக்குகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை விட்டு ஒரு அடி தள்ளி அடுக்குங்கள்.

தூளில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தூள், அதன் மேல் ஒரு தேக்கரண்டி நன்றாகக் காய்ந்த பொடி உப்பு. மூடிக் குலுக்கிக் கால் மணி நேரம் விடுங்கள். உப்பு பாட்டில் சுவரில் கட்டியாக ஒட்டினால் ஈரம் அதிகம், திரும்பக் காயவையுங்கள்.

கொட்டையோடு கூட வரும் மற்றவை

பாகு ஆலைச் சக்கையில் பழத்தோலும் நாரும் கொட்டையும் கலந்திருக்கும், ஈரம் அதிகம். வாங்கிய அன்றே போட வேண்டும் அல்லது பரப்பிக் காயவைக்க வேண்டும். விற்க ஆகாத சுருங்கிய பழத்தை ஹஷஃப் என்பார்கள். இது கொட்டைக்கு நேர் எதிர், முழுக்கச் சர்க்கரை. ஆட்டுக்கு நாளுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போனால் வயிறு புளித்துப் படுத்துவிடும். கொட்டைத் தூளோடு கொஞ்சம் ஹஷஃப் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்யும், ஆனால் பழத்துக்குள் இருக்கும் கொட்டை உடையாதது என்பதால் அதைத் துப்பத்தான் செய்யும். துப்பியதைப் பெருக்கி, கழுவி, அடுத்த அரைப்பில் சேர்த்துவிடலாம்.

எண்ணெய் எடுத்த கொட்டைத் தூளும் சில இடங்களில் விற்பனைக்கு வருகிறது. காறிப்போகாது, ஆனால் சக்தியும் குறைந்திருக்கும். சாதாரணக் கொட்டைத் தூள் விலைக்கு அதை வாங்காதீர்கள்.

கட்டுப்படியாகுமா

வளைகுடாவில் பார்லி கப்பலில் வருகிறது. தீவன பார்லியை உலகிலேயே அதிகமாக இறக்குமதி செய்யும் நாடாகச் சவூதி அரேபியா நெடுங்காலம் இருந்தது. நிலத்தடி நீரைக் காப்பாற்ற, பசுந்தீவனச் சாகுபடியைப் படிப்படியாக நிறுத்த அந்நாட்டு அரசு 2015இல் முடிவெடுத்தது. கொட்டைக்கு மறுபடி மவுசு வந்ததற்கு இதெல்லாம் பின்னணி.

உங்கள் கணக்கை இப்படிப் போடுங்கள். ஒரு கிலோ கொட்டைத் தூளுக்கு ஆகும் செலவு என்பது கொட்டை விலை, வண்டி வாடகை, கழுவும் கூலி, மின்சாரம், சல்லடைத் தேய்மானம் எல்லாம் சேர்ந்தது. 20 கிலோ கொட்டை 15 கிலோ பார்லியின் இடத்தைப் பிடித்தது என்றால், புரதத்தை ஈடுகட்ட நீங்கள் கூடுதலாகப் போட்ட சோயாவின் விலையையும் கொட்டையின் தலையில் எழுதுங்கள். பழைய கலவை 100 கிலோவுக்கு எவ்வளவு, புதுக் கலவை எவ்வளவு என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் மஸ்ராவில் கொட்டை இலவசமாகக் கிடைத்த மாதங்களில் கையில் காசு நின்றது. அறுபது கிலோமீட்டர் தள்ளிப் போய் வண்டி வைத்து ஏற்றிவந்த மாதத்தில் பார்லியே மலிவாக இருந்தது. அதன் பிறகு நடந்து போய் எடுக்கும் தூரத்தில் உள்ள நாலு பள்ளிவாசல்களோடு நிறுத்திக்கொண்டேன். ரமலான் முடிந்ததும் பதினோரு சாக்கு தேறியது, 20 ஆட்டுக்கு ஆவணி வரை வந்தது.